உங்களுக்குத் தெரியுமா? பழைய லாட்ஜும் 'மாடர்ன்' நாற்காலியும்

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் 50 வயதான லாட்ஜ் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புள்ளி புள்ளியாய் மொசைக் தரை. ஜாலி வைத்த மாடிப்படி. பிரம்பு பிய்ந்த நாற்காலி. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை. முதலாளியின் மகன் அதை 'மாடர்ன் ஸ்டைலில்' புதுப்பிக்க நினைக்கிறார். உடைக்கிற ஆட்களுக்குப் போன் போடும் முன் அவர் படித்துவிட வேண்டிய சில சேதிகள் இங்கே. பரங்கிமலையிலிருந்து கோவளம் வரை ஒரு சுற்று. நடுநடுவே கொழும்புக்கும் கோபன்ஹேகனுக்கும் போய் வரலாம்.

1. ஹோட்டலா, லாட்ஜா?

'ஹோட்டலுக்குப் போகலாமா?' என்று தாம்பரத்தில் கேட்டால் இட்லி, தோசை என்றுதான் அர்த்தம். தங்குவதற்கு லாட்ஜ். இரண்டும் ஒரே கூரையில் இருந்தால் போர்டிங் அண்ட் லாட்ஜிங். அதற்கும் முன்னால் சத்திரமும் முசாபரி பங்களாவும் இருந்தன. பெயர்ப்பலகையில் நட்சத்திரம் வேண்டுமென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதிப்படி வாடகைக்கு விடும் அறைகள் குறைந்தது 10 வேண்டும்.

2. மாடர்னுக்கு வயது நூறு

சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து, வளைத்த இரும்புக் குழாயில் நாற்காலி செய்யலாமே என்று மார்செல் பிராயருக்குத் தோன்றியது 1925-ல். இன்று பாதி லாபிகளில் நகலாக உட்கார்ந்திருக்கும் பார்சலோனா நாற்காலி 1929-ல் பிறந்தது. மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரைக்கும் சேர்ந்து செய்தது. இந்த அலைக்கெல்லாம் ஊற்றான ஜெர்மனியின் பவ்ஹவுஸ் பள்ளி ஓவியங்கள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஆக, இன்று 'லேட்டஸ்ட்' என்று விலை பேசப்படுவது நம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சரக்கு.

3. இடிக்கும் முன் தட்டுங்கள்

அனுபவப்பட்ட மேஸ்திரி பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும் பெயின்டைப் பார்க்க மாட்டார். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து பீமையும் தூணையும் தட்டிக்கொண்டே போவார். 'டங்' என்று கேட்டால் உள்ளே கெட்டி. 'பொத்' என்று கேட்டால் கான்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். அந்த நெருக்கலில் மேல்பூச்சு விரிசல் விட்டு, பிறகு பாளம் பாளமாக உதிரும். உப்புக் காற்று வீசும் கடற்கரைப் பக்கம் இது சீக்கிரமே நடக்கும். அதனால்தான் வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கவர் போதும் என்கிற இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடலோரத்துக்கு 45 மி.மீ. கேட்கிறது. கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சாரத்தின் மீதே படுக்கவைத்துக் கொட்டிய பழைய தளங்களில், புது ஃபால்ஸ் சீலிங் மாட்டுவது புண்ணை மூடிச் சட்டை போடுகிற வேலை.

4. கோட்டைக்கு மேல் ஓட்டல்

கோவளத்தில் 1974-ல் திறந்த ஃபிஷர்மென்ஸ் கோவ், பழைய கோட்டை ஒன்றின் எச்சங்கள் மீது எழும்பியது. அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1752-ல் பிடித்தவர் ராபர்ட் கிளைவ். கடலைப் பார்த்து பீரங்கி வைத்த இடத்தில் இப்போது சாய்வு நாற்காலிகள்.

5. 49 சென்டிமீட்டர்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூர் பக்கம் வீடுகளின் கீழ்த்தளமே தெரியவில்லை. புதுப்பிக்கும்போது எல்லோரும் லாபி விளக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஜெனரேட்டரும் மெயின் போர்டும் எந்தத் தளத்தில் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். மேற்குத் தாம்பரத்தில் அதை முதலில் கேட்க வேண்டும்.

6. வடக்கிலிருந்தும் வெயில்

'வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் வராது' என்பது ஐரோப்பியப் புத்தகத்தில் சரி. தாம்பரம் இருப்பது ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்தையும் ஆகஸ்ட் நடுப்பகுதியையும் ஒட்டி, வருஷத்தில் இரண்டு நாள் நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் அடிக்கும். அக்கினி நட்சத்திரமும் அதற்குள்தான். நான்கு பக்கமும் கண்ணாடி போட்டால் மின்வாரியத்துக்குத்தான் கொண்டாட்டம்.

7. ஜன்னலே சுவர்

இந்த வெயிலுக்கான விடையைப் புதுச்சேரியில் 1937-லேயே கட்டத் தொடங்கிவிட்டார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, இந்தியாவின் முதல் நவீனபாணி வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வரைந்தவர் டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட். அறைகளின் வெளிப்பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் கிடையாது; சுவரே கிடையாது என்றுகூடச் சொல்லலாம். மேலிருந்து கீழ்வரை திருப்பி மூடக்கூடிய கிடைப்பலகைகள்தான். காற்று வேண்டுமா, திருப்பு, மழையா, மூடு. உள்பக்கம் நடைக்கு, இடைவெளி விட்ட சட்டங்களாலான தேக்கு இழுவைக் கதவுகள். கதவைச் சாத்தினாலும் காற்று நிற்காது. கூரையும் இரட்டை; நடுவில் காற்று ஓட இடம்.

8. குண்டான் கைப்பிடியான கதை

அதே கோல்கொண்டாவின் கதவு, ஜன்னல் பித்தளைச் சாமான்களை எந்தக் கடையிலும் வாங்கவில்லை. ஆசிரமத்தில் சேர்ந்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, அங்கேயே வார்த்தார்கள். பெயருக்கும் ஒரு கதை உண்டு. கட்டடத்துக்குப் பெரும் நன்கொடை ஹைதராபாத் நிஜாம் அரசிலிருந்து, திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் வந்தது. அந்த நன்றிக்கு கோல்கொண்டா.

9. தச்சரான கட்டடக் கலைஞர்

ரேமண்டின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வேலை பார்க்க வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. வந்தவர் சம்பளம் வேண்டாம் என்று ஆசிரமவாசியாகிவிட்டார். அரவிந்தர் வைத்த பெயர் சுந்தரானந்தா. கோல்கொண்டா அறைகளுக்கு அவர் வரைந்த தேக்குக் கட்டிலும் மேஜையும் அவருடைய தொடக்ககாலத் தளவாடங்கள். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய மரவேலைக் கலைஞர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார்.

10. மூச்சுக்காக ஒரு நாற்காலி

சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்? 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய்க்காக நிறுவிய மருத்துவமனை அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. மருந்து கண்டுபிடிக்காத அந்தக் காலத்தில் காசத்துக்கு வைத்தியம் என்றால் வெளிச்சம், காற்று, ஓய்வு. அகலமான ஜன்னல், தட்டையான மொட்டைமாடி, வெள்ளைச் சுவர் என்று நாம் 'மாடர்ன்' என அடையாளம் காணும் பலவற்றையும் உலகெங்கும் பழக்கியதில் இந்த நோய்க்கு ஒரு பங்கு உண்டு.

பின்லாந்தில் ஆல்வர் ஆல்டோ கட்டிய பைமியோ சானடோரியம் (1933) இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். நோயாளி மல்லாந்து படுத்தபடி மேலேதான் பார்ப்பார் என்பதால் உள்கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை. விளக்கு பார்வையில் படாத இடத்தில். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடக்கூடாது என்று, தண்ணீர் விழும் சத்தமே எழாத கோணத்தில் வாஷ் பேசின். மூச்சு சிரமமில்லாமல் வரும்படி சாய்ந்த முதுகோடு, வளைத்த பலகையில் ஒரு நாற்காலி. அந்தப் பைமியோ நாற்காலி இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கிறது. படுத்துக்கொண்டு அறையைப் பார்த்த கட்டடக் கலைஞர் அவர். நம் லாட்ஜ்காரரும் ஓர் இரவு தன் அறையில் படுத்துப் பார்த்தால், ட்யூப்லைட் நேரே கண்ணில் குத்துவது தெரியும்.

11. தாம்பரத்தில் உலகமே தங்கியது

1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி, சுவிஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்த காட்டு வளாகத்துக்குக் குடிவந்தது. அடுத்த வருஷமே, 1938 டிசம்பரில், உலக கிறித்தவ ஊழிய மாநாடு அங்கே கூடியது. 470 பேருக்கு மேல். சுமார் 70 நாடுகள். நட்சத்திர ஓட்டல் எதுவும் இல்லாத ஊர், அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது. கிறித்தவ ஊழிய வட்டாரத்தில் 'தாம்பரம் 1938' என்றால் இன்றும் அந்த மாநாடுதான்.

12. குரோம் இருபக்கமும்

குரோம்பேட்டையின் குரோம், இங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோலை, குரோமிய உப்பு வெகு சீக்கிரம் பதப்படுத்திவிடும். அதே குரோமியம்தான் இரும்புக் குழாய் நாற்காலிக்குப் பளபளப்புப் பூச்சும் தருகிறது. ஆக, மாடர்ன் நாற்காலியில் மேலே உட்காரும் தோலிலும், கீழே தாங்கும் காலிலும் குரோம். ஒரு நாற்காலியின் ஜாதகமே எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிறது என்று குரோம்பேட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

13. ரெக்சின், மைக்கா

தோல் கட்டுப்படியாகாதவர்களுக்கு ரெக்சின். அது ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் வணிகப் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல்போல் காட்டியது. சரக்கு மாறி இன்று பி.வி.சி. ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. ஆசாரி ஒட்டுகிற 'மைக்கா'வும் அப்படித்தான். 1910-களில் அமெரிக்காவில், மின்கருவிகளில் மைக்கா எனும் காக்காப்பொன்னுக்குப் பதிலாக ஒரு பொருள் செய்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதால் ஃபார்மைக்கா. நம் ஊருக்கு வந்ததும் முன்னால் இருந்த 'ஃபார்' கழன்று, எது இல்லையோ அதுவே பெயராகிவிட்டது!

14. பல்லாவரத்துக் கல், கல்கத்தாக் கல்லறை

கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், பரங்கிமலை–பல்லாவரம் பக்கத்துப் பாறை. 1890-களில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறைவகைக்கே சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலையில் அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் படிக்கல்லாகவோ வாசற்கல்லாகவோ கருஞ்சாம்பல் நிறத்தில் அப்படி ஒன்று கிடந்தால், அதன் மேல் விட்ரிஃபைடு டைல் ஒட்ட யோசியுங்கள். அதன் வயது 250 கோடி ஆண்டை ஒட்டியது.

15. மொசைக்கை உடைக்காதீர்கள்

நடுத்தர வர்க்கம் 'பழசு' என்று பெயர்த்துப்போட்ட மொசைக்கை, வெளிநாட்டு இன்டீரியர் பத்திரிகைகள் டெரஸோ என்று கொண்டாடுகின்றன. விஷயம் ஒன்றுதான்: சிமென்டில் சலவைக்கல் சில்லுகள். தரையைக் கட்டம் பிரிக்க நடுநடுவே கண்ணாடிப் பட்டை. போட்ட சில நாள் கழித்து மெஷின் வரும். அந்த நாளை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். காது பிய்க்கும் சத்தம், வீடெல்லாம் சாம்பல்நிறச் சேறு, ஈரக்காலோடு ஓர் ஆள் மெஷினைக் குழந்தையை நடத்துவதுபோல் வட்டம் வட்டமாக நகர்த்திக்கொண்டிருப்பார். கரடான கல்லில் ஒரு தேய்ப்பு, நைஸ் கல்லில் ஒரு தேய்ப்பு, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு ஒரு மெருகு. சேற்றைக் கழுவிவிட்ட கணத்தில் பச்சை, கருப்பு, வெள்ளைப் புள்ளிகள் கண் விழிக்கும்.

50 வருஷம் மங்கிய மொசைக்கும் மறுபடி ஒரு தேய்ப்பில் திரும்பி வரும். பெயர்த்து எடுக்க ஆகும் கூலி, குப்பை வண்டி, புது டைல் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

16. கண்ணாடியில் பிறக்கும் தரை

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் டைல் சூளைக்கே போவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். பளபளப்பு எந்திரம் தந்ததல்ல. அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. பழகப் பழக, கால்பட்டே மெருகேறும்.

17. ஜமக்காளத்துக் கோடுகள்

பவானி ஜமக்காளத்தின் அகலமான வண்ணப் பட்டைகளை ஒரு தரம் வெள்ளைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. நிறமும் கோடும் மட்டும். பவ்ஹவுஸ் நெசவுக்கூடத்தில் ஆன்னி ஆல்பர்ஸ் தேடிய எளிமை, கல்யாணப் பந்தியில் காலங்காலமாக நம் காலடியில் விரிந்து கிடந்தது. இந்த ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

18. சொம்புக்கு ஒரு சலாம்

அமெரிக்க நாற்காலி மேதைகள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்து, வடிவமைப்புக் கல்வி பற்றி யோசனை கேட்டது. 1958-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் தாங்கள் பார்த்துப் பெரிதும் வியந்த பொருள் என்று சொன்னது தாஜ்மகாலை அல்ல, சொம்பை. பிடிக்க, ஊற்ற, தலையில் சுமக்க, கழுவ, விற்க என்று ஒவ்வொரு கேள்விக்கும் பல தலைமுறை விடை சொல்லிச் சொல்லிச் செதுக்கிய வடிவம் என்று வியந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

19. ஒரு பெட்டி, 36 நாற்காலி

வளைத்த மரத்தில் வட்ட இருக்கையோடு இருக்குமே, பழைய காபி கிளப் நாற்காலி? அதன் மூதாதை 1859-ல் மைக்கேல் தோனெட் செய்த 14-ஆம் எண் நாற்காலி. 6 மரத்துண்டு, 10 திருகு, 2 நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போய்விடும். ஆவியில் மரத்தை வளைக்கும் நுட்பம் அவர் கைவண்ணம். பெட்டியைப் பிரித்து நாமே பூட்டிக்கொள்ளும் நாற்காலி நேற்று வந்ததல்ல.

20. குப்பையில் கிடந்த கோடீஸ்வரன்

சண்டிகர் நகரம் எழுந்த 1950-களில், அதன் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும், நகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜன்னரே தலைமையில் நாற்காலிகள் வரையப்பட்டன. உள்ளூர்ப் பட்டறைகளில் உள்ளூர் ஆசாரிகள் செய்தது. தேக்குக் கால், பிரம்பு முதுகு, கவிழ்த்த 'வி' வடிவம். உடைந்தவை மொட்டைமாடிகளில் மலையாகக் குவிந்தன. அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் செப்பனிட்டு, பாரிஸ், லண்டன் ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். விழித்துக்கொண்ட உள்துறை அமைச்சகம் 2011-ல் இவற்றை நாட்டை விட்டு எடுத்துச்செல்லக் கூடாது என்றது.

இதில் வேடிக்கை, நாற்காலியின் பின்னால் அரசு அலுவலகத்தார் பெயின்டில் எழுதிய சரக்குக் கணக்கு எண். எந்த அறை, எத்தனையாவது நாற்காலி என்று கோணல்மாணலாகக் கிறுக்கியிருக்கும். அசல் என்பதற்குச் சான்றாக இன்று அந்தக் கிறுக்கலைத்தான் தேடுகிறார்கள்.

21. விரல் பார்க்கும் வேலை

பிரம்பு நாற்காலி பின்னுவது, பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நெடுங்காலம் இருந்துவரும் பாடம். குறுக்கு, நெடுக்கு, மூலைக்கு மூலை என்று அடுக்கடுக்காக இழை ஓடும். துளையை விரல்நுனி கண்டுபிடிக்கும். அரசு அலுவலகங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருந்த காலம் உண்டு. லாட்ஜில் பிய்ந்த பிரம்பு இருந்தால் ரெக்சின் மூடிபோட அவசரப்படாதீர்கள். சட்டம் தேக்காக இருந்தால் நாற்காலிக்கு ஆயுசு இன்னும் இருக்கிறது.

22. மூன்று பிறவி எடுத்த கன்னிமாரா

பழைய ஓட்டலைப் புதுப்பிப்பதில் சென்னையின் மூத்த பள்ளிக்கூடம் பின்னி சாலையில் இருக்கிறது. 1854-ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கி, பெயர் மாறி, 1890 வாக்கில் அன்றைய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரைப் பெற்றது. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே. 1930-களில் பழைய உருவத்தைக் களைந்து, கோடும் வளைவுமாக ஆர்ட் டெகோ உடுத்தியது, 1937-ல் புதுக்கோலம். 1970-களில் கொழும்பிலிருந்து கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து மாற்றி அமைத்தார். பிறகு 2016-ல் மூடி, இரண்டு வருஷம் வேலை பார்த்து, 2018 இறுதியில் திறந்தார்கள். முகப்பின் 1930-கள் முகம் இன்றும் அதன் அடையாளம். மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு தலைமுறையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது.

23. மதுரையில் பாவா, பெந்தோட்டையில் பத்திக்

அதே பாவா 1970-களின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கிளப் கட்டினார். ஊர்க்கல், ஓட்டுக்கூரை, பழைய கட்டடங்களில் கழற்றிய மரத்தூண்கள். திட்டம் நவீனம், கைவேலை நம்முடையது.

இலங்கையில் அவருடைய பெந்தோட்டை கடற்கரை ஓட்டல் 1969-ல் திறந்தபோது, வரவேற்பறையில் நுழைந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். உள்கூரை முழுக்க ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள். பின்னாளைய மாற்றங்களில் கலைந்துபோன ஓட்டலை, பாவாவின் சீடர் சன்ன தஸ்வத்த மீட்டமைக்க, 2019-ல் மறுபடி திறந்தார்கள். பத்திக் கூரையும் திரும்ப வந்தது.

24. அறை எண் 606

கோபன்ஹேகன் எஸ்.ஏ.எஸ். ராயல் ஓட்டல், 1960. கட்டடம், முட்டை நாற்காலி, அன்ன நாற்காலி, விளக்கு, கதவுப்பிடி, முள்கரண்டி வரை எல்லாமே ஆர்னே யாக்கப்சன் ஒருவரின் கை. பிற்பாடு அறைகள் ஒவ்வொன்றாக மாறின. ஒன்றை மட்டும் தொடவில்லை. 606-க்குள் போனால் நீலப்பச்சையில் அன்றைய அறை அப்படியே. நம் லாட்ஜிலும் ஓர் அறையை, அந்தப் பச்சை டிஸ்டெம்பரோடும் இரும்புக் கட்டிலோடும், விட்டுவைக்கலாம். கூடுதல் வாடகைக்கே போகும்.

25. கடலுக்கடியில் ஒரு வரவேற்பறை

ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனைக்கு லண்டனில் சொல்லிச் செய்த தளவாடங்கள் ஏறிவந்த கப்பல், 1942-ல் போரில் மூழ்கியது. மகாராஜா கலங்கவில்லை. போரில் அகதியாக இந்தியா வந்திருந்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நோர்ப்லின் வரைய, உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். சரக்கு வராமல் போனதால் கிடைத்த ஆர்ட் டெகோவைப் பார்க்கத்தான் இப்போது உலகம் அங்கே அறை எடுக்கிறது.

26. இழந்தவை இரண்டு, திரும்பியது ஒன்று

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் தாசப்பிரகாஷ் ஓட்டல், 1950-களின் ஆர்ட் டெகோ அழகு, இன்று இல்லை. கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962-ல் வந்து 2008-ல் மூடியது. அந்த மண்ணில் செம்மொழிப் பூங்கா. டோக்கியோவின் ஒகுரா ஓட்டலும் (1962) எதிர்ப்புகளை மீறி 2015-ல் இடிபட்டது. ஆனால் 2019-ல் எழுந்த புதுக் கட்டடத்தில் பழைய லாபியை விளக்கு, பூ வடிவ மேஜை நாற்காலியோடு திரும்ப அமைத்தார்கள். வடிவமைத்தவர், பழைய லாபியை வரைந்த தனிகுச்சியின் மகன்.

27. இ.சி.ஆரில் இரண்டு நிறுத்தம்

லாபியில் மாட்ட இணையத்தில் பிரின்ட் வாங்கும் முன், ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், இந்திய நவீன ஓவியத்தின் முகவரிகளில் ஒன்று. கைத்தொழிலில் வந்த வருமானத்தில் கலைஞர்கள் தாங்களே எழுப்பிக்கொண்ட ஊர். அப்படியே முட்டுக்காடு போனால் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம். லாரி பேக்கர் கைபட்ட வளாகம். ஓர் ஊரில் இடிபட இருந்த வீட்டைக் கழற்றி எண் போட்டு, இன்னோர் ஊரில் பூட்டுவது எப்படி என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

28. வெள்ளிக்கிழமை, பல்லாவரம்

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். பழைய சாமான் கிடைப்பது அந்த ஊருக்குப் புதிதில்லை. வெள்ளிதோறும் பழைய டிரங்க் சாலையில் கூடும் சந்தையில் குருவி, செடி, கிராமபோன், கதவு, கட்டில் எல்லாம் உண்டு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தார்ப்பாயில் நான்கு மர நாற்காலிகள். பிரம்பு போயிருந்தது, சட்டம் தேக்கு. ஒன்றைக் கவிழ்த்தேன். அடியில் வெள்ளைப் பெயின்டில் '14'.

"இது என்னண்ணே நம்பர்?"

"ரூம் நம்பர் சார். லாட்ஜ் ஒண்ணு ரெனோவேஷன் பண்றாங்க. மொத்தமா வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க."

விலை கேட்பதற்குள் ஒரு காரிலிருந்து இறங்கியவர் நான்கையும் பேசி முடித்துவிட்டார். டிக்கியில் ஏற்றும்போது எதற்கு என்று கேட்டேன். "லாட்ஜுக்குத்தான் சார். ரெனோவேஷன் பண்றோம். அந்த நம்பரை மட்டும் அழிச்சிடாதீங்கன்னு டிசைனர் சொல்லியிருக்காங்க."